மதிலுக்குக் கிடைத்த திருநீறு

கொட்டுச் சத்தம் கேட்டால் பஸ்ஸை ஓரம் கட்டிவிடுகிற டிரைவர் ஒருவன் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் இருந்தான் என்றால், அது என் அண்ணன் முத்துமாலைதான். அவன் ஓட்டியது பாபநாசம் போகிற அரசுப் பேருந்து. சித்திரை, வைகாசியில் அந்தச் சாலை நெடுக ஏதாவது ஒரு ஊரில் கோவில் கொடைத் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். நையாண்டி மேளம் காதில் விழுந்ததும் அண்ணனுக்குக் கால் நடுங்க ஆரம்பிக்கும். வண்டியை நிறுத்தி, இறங்கி, பக்கத்தில் நிற்கிற மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வான். உள்ளே இருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். இவன் வண்டி ஓட்ட வந்தானா, குறி சொல்ல வந்தானா என்று சேரன்மகாதேவிக்குப் போகிற பெண்கள் கேட்டதை ஒருமுறை நானே உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவன் தங்கை என்று காட்டிக்கொள்ளாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டிப்போவில் இருந்த ஒரு புண்ணியவான், அந்த இரண்டு மாதமும் அவனை ஊருக்குள் நுழையாமல் நாற்கரச் சாலையில் போகிற நாகர்கோவில் வண்டிக்கு மாற்றிவிட்டார்.

எங்கள் ஊர் மருதடி. மேலப்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் வயலுக்கு நடுவில் கிடக்கும். ஊருக்கு மேற்கே மருதடிக்குளம். தாமிரபரணியிலிருந்து கால்வாயில் வருகிற தண்ணீர் அதில் நிறைகிறது. குளத்தங்கரையின் அடியில் எங்கள் சாமி, கரையடி மாடன், பீடமாக நிற்கிறார். குளத்துக்கும் கரைக்கும் ஊருக்கும் அவர்தான் காவல் என்று பெயர். அப்பா செத்த பிறகு மாடன் அண்ணன்மேல் வர ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவன் சாமியாடி.

சும்மா பெயருக்கு ஆடுகிறவன் இல்லை அவன். கொடைக்குப் பந்தல்கால் நாட்டியதும் வீட்டுக்குள் படுக்க மாட்டான், ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் அவனே பொங்கித் தின்பான். பீடி, சாராயம் எதுவும் ஒரு நாளும் தொட்டது கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விரதம், பொய் சொல்ல மாட்டான். மாடன் நிற்கிற நாக்கில் பொய் நிற்கக்கூடாதாம். இதனால் எங்கள் வீட்டில் நின்றுபோன கல்யாணப் பேச்சுகள் உண்டு. மாப்பிள்ளை குடிப்பானா என்று பெண் வீட்டார் இவனிடம் போய்க் கேட்டால் என்ன ஆகும்? என் மூத்த மகன் சம்பந்தத்தையே அப்படித்தான் கெடுத்தான். அதற்காக அவனோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். ஆனாலும் மதியக் கொடையில் சாமியாடும் உடுப்பான சல்லடம் கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்து, உள்ளங்கையில் கற்பூரம் எரிய அவன் வந்து நின்றால், கையெடுத்துக் கும்பிடாமல் இருக்க என்னால் முடியாது.

இந்த இடத்தில் மாடன் கொடுக்கிற வாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொடையன்று சாமி திருநீறு பூசி ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த கொடை வரைக்கும் ஊரில் எவரும் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து உள்ள கட்டு. பெண்ணுக்குக் கல்யாணம் முடியும் என்று சாமி சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணைப் பற்றி வெளியூரில் குறை பேசுகிறவனுக்கு ஊர் அபராதம் போடும். நல்ல கட்டுதான். யாருக்காக அது உண்டாயிற்றோ அவர்களுக்குள் இருந்தவரை நல்ல கட்டு.

குளம் நிறைந்தால் மறுகால் வழியாகத் தண்ணீர் வெளியேறி, ஓடையில் விழுந்து, அடுத்த குளத்துக்குப் போகும். அந்த ஓடையின் இரண்டு பக்கமும் இருந்த வயல்களைத்தான் வண்ணார்பேட்டையில் அலுவலகம் போட்டிருக்கிற பெருமாள்ராஜ் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். 'பொருநைச் சாரல் நகர்' என்று வளைவு வைத்தார். பனைமரத்தில் ஏறி நின்றாலும் அங்கிருந்து பொருநை, அதாவது எங்கள் தாமிரபரணி, தெரியாது. சாரல் வேண்டுமென்றால் தென்காசிக்குப் போக வேண்டும். ஆனால் விளம்பரத்தில் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அருவிக்குப் பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் வீடு, நீச்சல் குளம், கிளப். எங்கள் வயல்மேல் ஆள் உயரத்துக்குச் சரள் மண் அடித்தார்கள். ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். அந்தக் கோடையில் எங்கள் கீழத்தெருக் கிணற்றில் வாளி தரை தட்டியது. மாதிரி வீடுகளில் குடியேறிய வேலையாட்களின் கக்கூஸ் தண்ணீர் கால்வாயில் விழுந்தது. அதில்தான் நாங்கள் மாட்டைக் குளிப்பாட்டினோம்.

இதெல்லாம் கெடுதல்தான். ஆனால் எங்கள் உயிர் ஓடையில் இருந்தது. அது அடைபட்டால் மறுகால் தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள்தான் வரும், வேறு வழி கிடையாது. ஊரிலேயே பள்ளம் கீழத்தெரு. அண்ணன் வீடும் என் வீடும் அங்கேதான். முந்தின மழைக்கே, மண் அடித்து ஓடை பாதியாகக் குறுகிப்போனதில், அங்கன்வாடிக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. அப்போது நான்தான் அங்கே வேலையில் இருந்தேன். பிள்ளைகளை மேசைமேல் ஏற்றி உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் தாய்மார் கையில் கொடுத்தேன்.

அண்ணன் அப்போது ஓய்வு பெற்றிருந்தான். அவன்தான் ஊரைக் கூட்டினான். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு எல்லோரையும் வேன் பிடித்துக் கூட்டிப்போனான். பெருமாள்ராஜின் மதில் இரண்டு பக்கமும் ஓடை வரைக்கும் வந்து, நடுவில் ஓடையளவு மட்டும் திறந்து கிடந்தது. அதை அடைக்க ஜேசிபி வந்தபோதெல்லாம் பெண்டு பிள்ளைகளோடு போய் முன்னால் உட்கார்ந்தோம். ஜேசிபிக்காரன் வெற்றிலை போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் இப்படியே போயிற்று. ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

சித்திரையில் கொடை வந்தது. ஊர்த்தலைவன் மணிராஜ், கோவிலுக்குப் புதுக் கொட்டகை போட ஒரு உபயதாரர் கிடைத்திருக்கிறார் என்று சொன்னான். யார் என்று சொல்லவில்லை. அவனுடைய டிப்பர் லாரிகள்தான் சாரல் நகருக்குச் சரள் அடிக்கின்றன என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கொட்டகை வருகிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

மதியக் கொடை. மேளம் உச்சத்தில் இருக்கிறது. அண்ணன்மேல் சாமி வந்து, குலவைச் சத்தத்துக்கு நடுவில் வல்லயத்தை ஊன்றி நிற்கிறான். முதல் மாலை போடுகிறவருக்கு முதல் வாக்கு என்பது வழக்கம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டு வேட்டியும் வெறும் மார்புமாக ஒருவர் ஆளுயர மாலையோடு வருகிறார். பெருமாள்ராஜ். பின்னால் மணிராஜ் இடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறான். அண்ணன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் என் அண்ணன் இல்லை. எனக்கு அது தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவன் அந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். திருநீற்றை அள்ளி அந்த ஆளின் நெற்றியில் அப்பினான்.

"கலங்காத மக்கா. ஓங் காரியம் ஒண்ணும் நிக்காது. ஒனக்கு முன்ன நான் நிக்கேன்" என்றான்.

மாலை போட்டவர்களுக்கெல்லாம் மாடன் காலங்காலமாகச் சொல்கிற வாக்குதான் அது. போன வருஷம் என் மருமகளுக்குப் பிரசவத்தின்போதும் இதையேதான் சொன்னார். ஆனால் வாக்கு வாக்குதானே. மணிராஜ் குலவை போடச் சொல்லிக் கையைத் தூக்கினான். பெண்கள் போட்டார்கள். சொல்லவே வாய் கூசுகிறது, பழக்கத்தில் நானும் போட்டேன்.

கொடை முடிந்த மறுவாரம் ஜேசிபி வந்தது. அண்ணன் வீடு வீடாகக் கூப்பிட்டான். ஒருத்தரும் வரவில்லை. மாடன் வாக்குக் கொடுத்த காரியத்துக்குக் குறுக்கே போய் உட்கார எங்களுக்கென்ன பைத்தியமா என்றார்கள். அவன் தனியாகப் போய் ஓடைக்குள் நின்றான். நான் பின்னாலேயே ஓடினேன். மணிராஜ் மதில் ஓரம் கிடந்த கல்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் பேசினான்.

"என்ன டிரைவர் அண்ணாச்சி, சாமி முன்ன நிக்கேன்னு சொன்ன எடத்துல நீரு குறுக்க நிக்கீரே. ஒம்ம வாயாலதான வே சொன்னாரு?"

அண்ணன் பைய ஏறிக் கரைக்கு வந்துவிட்டான். அன்றைக்கே ஓடையை அடைத்தார்கள். தண்ணீர் போக வேண்டுமே என்று ஒரு குழாயைப் பதித்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டி நுழைந்தால் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வாய்.

அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுப் புறவாசலில் வந்து உட்கார்ந்தான். கொடையன்று என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல் என்றான். ஆடும்போது நடப்பது எதுவும் அவனுக்கு ஞாபகம் இருக்காது. சொன்னேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாகப் பட்டினி கிடந்து ஆடுகிறாயே, எவனுக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல மாட்டாயா, வாய் தவறிச் சொல்லிவிட்டாயா என்று கத்தினேன்.

"நான் எங்கட்டி சொன்னேன்? அவருல்லா சொன்னாரு" என்றான். அப்புறம், "வந்தது அவருதான், கலை. சத்தியமா அவருதான். அதுதான் எனக்கு வெளங்கல" என்றான்.

அப்படியானால் உன் மாடன் குளத்தை விற்றுவிட்டார் என்று சொன்னேன். அவன் எழுந்து போய்விட்டான். நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது. ஏன் சொல்லக்கூடாது என்று இன்னொரு பக்கம் எரிந்தது.

நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதிலாக ஆவணி மாதம் ஒரு அதிகாரி வந்தார். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கப் போகிறார் என்று தண்டோரா போட்டார்கள். காலையில் குளத்தங்கரையில் நாற்காலி, குடை, இளநீர். எல்லாம் பெருமாள்ராஜ் ஏற்பாடு. ஊரே வந்து நின்றது. கிணறு வற்றியதைச் சொல்ல வேண்டியவர்கள், சாக்கடையைச் சொல்ல வேண்டியவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று அதிகாரி கேட்டார். மணிராஜ் முன்னால் வந்து, ஊருக்கு ஒரு ஆட்சேபனையும் கிடையாது, எங்கள் சாமியே வாக்குக் கொடுத்தாயிற்று என்றான்.

நான் வாயைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார். அதற்குள் அண்ணன் நடுவில் போய் நின்றுவிட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். அவன் மனைவி இசக்கியம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். இவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்கும் தெரியாது.

"சார், அந்த வாக்கு பொய்யி. அன்னைக்கு எம்மேல சாமி வரல. நாந்தான் ஆடுனேன், நாந்தான் சொன்னேன். அது இந்த ஊரக் கட்டாது. இப்பம் இவியகிட்டக் கேளுங்க, சொல்லுவாவ."

இசக்கியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளில் அவன் சொன்ன முதல் பொய், அதுவும் மாடன் பீடத்துக்கு நேர் எதிரே நின்று சொல்கிறான். எங்கள் தெருவுக்காகச் சொல்கிறான். கட்டை அவிழ்த்துவிட்டான், இனிமேலாவது வாயைத் திறங்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

திறந்தார்கள். அதிகாரியைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து. இத்தனை வருஷமும் ஏமாற்றினாயா என்று ஒருவன் கேட்டான். என் மகளுக்குச் சொன்னதும் பொய்தானா என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். எவன் எவனோ கெட்ட வார்த்தை சொன்னான். ஓடையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அதிகாரி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, சாமி வந்துச்சா வரலியாங்கறது என் ஃபைல்ல கிடையாது. இதுக்கு அனுமதி தை மாசமே கொடுத்தாச்சு. மனு வந்ததால பாத்துட்டுப் போக வந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

தை மாதம். நாங்கள் ஜேசிபிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்த மாதம். கையில் அனுமதியை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் சித்திரையில் வெற்று மார்போடு மாலை தூக்கி வந்திருக்கிறான். அரசாங்கத்தில் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு, எங்களை அடக்க மட்டும் எங்கள் சாமியிடம் வந்திருக்கிறான். அண்ணனால் சொன்ன பொய்யைத் திருப்பி வாங்கவும் முடியாது. வாங்கினால் வாக்கு மறுபடியும் உண்மையாகிவிடுமே.

அன்று பொழுது சாய்வதற்குள் வந்து வல்லயத்தையும் சல்லடத்தையும் எடுத்துப்போனார்கள். மணிராஜின் மச்சினன்மேல் இனிச் சாமி வரும் என்று முடிவாயிற்று. சாமி வருவதற்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது, அதுதான் வேடிக்கை. டிரைவர் அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய்கள் எல்லாம் பொய்ச்சாமி என்று கூப்பிட்டன. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்துகொள்வான். அண்ணன் யாரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. நான் சொல்லப் போனேன். சொன்னால் என் முகத்தில் முழிக்காதே என்றுவிட்டான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஆகாயத்தாமரை வந்து அந்தக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. மதிலில் மோதிய தண்ணீர் திரும்பி நேராகக் கீழத்தெருவுக்குள் வந்தது. பிசானப் பருவ நெல்லுக்குப் பாவிய நாற்று முழுவதும் போயிற்று. ஆடுகள் போயின. அங்கன்வாடியில் அரிசி மூட்டைகள் மிதந்தன. சாரல் நகர்ச் சாக்கடையும் கலந்து வந்து எங்கள் அடுப்படியில் நின்றது. நாங்கள் பள்ளிக்கூடத்து மாடியில் கிடந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கிருந்து பெருமாள்ராஜின் ஆட்கள் எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மனுஷன் என்று நம் ஆட்களே சொன்னார்கள். நான் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. பசித்துத்தான் இருந்தேன்.

மழை நின்று வானம் வெறித்ததும், இந்த வெள்ளம் ஏன் வந்தது என்று ஊர் கூடிப் பேசியது. மதிலால் வந்தது என்று சொல்வார்கள் என்று நினைத்தீர்களா? பொய்யாட்டம் ஆடியவனால் வந்ததாம். மாடன் கோபித்துக்கொண்டு காவலை விட்டுவிட்டாராம். அண்ணன் ஈரத்துணியோடு பீடத்துக்கு முன்னால் விழுந்து, நான் பொய்யாடினேன் என்று சாமி காது கேட்கச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவன் வீட்டுக் கோவில் வரியை வாங்க மாட்டோம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் வரி வாங்கவில்லை என்றால் ஊரிலேயே சேர்த்தி இல்லை என்று அர்த்தம். சாவுக்குக்கூட யாரும் வர மாட்டார்கள்.

போகாதே என்று நான் சொன்னேன். இசக்கியம்மாதான் அழுது காலைப் பிடித்து அனுப்பி வைத்தாள். பேரப்பிள்ளைக்கு ஊரில் நல்லது கெட்டது நடக்க வேண்டாமா என்பது அவள் கவலை. அதையும் குறை சொல்ல முடியாது.

காலையில் குளத்தில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு வந்து பீடத்துக்கு முன்னால் சகதியில் விழுந்தான். ஊர் சுற்றி நின்றது. சொல்லும் வே, சத்தமாகச் சொல்லும் என்று மணிராஜ் அதட்டினான். அண்ணன் முகத்தைத் தூக்கிப் பீடத்தைப் பார்த்தான். மனுஷர்களிடம் சொன்ன பொய்யை அவரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிறகு எழுந்து முழங்காலில் உட்கார்ந்து, வீட்டில் ஒரு ஆளிடம் பேசுவது மாதிரிப் பேசினான்.

"வந்தது நீருதான்னு ஒமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எம் மானத்த வித்து ஒம்ம வாக்கப் பொய்யாக்குனேன், எங்க தெரு மூழ்கக் கூடாதுன்னு. மூழ்கிட்டு. நான் செஞ்சது தப்பாவே இருக்கட்டும். நீரு அந்த ஆளுக்கு முன்ன நின்னீரே, எங்களுக்கு முன்ன யாரு வே நிக்கா?"

மணிராஜ், சாமியையே கேள்வி கேட்கிறவன் வீட்டு வரி இந்த ஊருக்கு வேண்டாம் என்றான். கூட்டம் ஆமாம் என்றது. அண்ணன் வேட்டியில் ஒட்டிய சகதியை வழித்துவிட்டுக் கீழத்தெருவைப் பார்த்து நடந்தான். என் வீட்டு வரியையும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் நடந்தேன். தெருவில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குள்தான் நடந்து வீட்டுக்குப் போனோம்.